பழைய காணொளிகளில் கேட்ட என் குரல்

பழைய கைப்பேசியில் இடம் தீர்ந்துபோனதால், அதில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த காணொளிகளைச் சென்ற மாதம் கணினிக்கு மாற்றினேன். மாற்றுகிற சாக்கில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் ஓர் இரவு முழுவதும் போய்விட்டது. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கத்தான் திறந்தேன். ஆனால் சற்று நேரத்தில் என் கவனம் முகங்களை விட்டு நகர்ந்து, படம் பிடித்தபடியே பேசிக்கொண்டிருந்த என் குரலில் நின்றுவிட்டது. மகளுக்கு இரண்டு வயதில் எடுத்தவற்றில் அந்தக் குரல் கேள்வி கேட்கிறது: "இது யாரு? ஏன் அழுவுறா? இப்ப எங்க போகப் போறா?" அவள் மழலையில் ஏதோ சொல்ல, குரல் அதைத் திருத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறது. நான்கு ஆண்டுகள் கழித்து, மகனுக்கு அதே இரண்டு வயதில் எடுத்தவற்றில் அதே குரல் வேறு வேலை செய்கிறது: "ஏறாதே. தொடாதே. இங்க வா. உட்காரு. உட்காருன்னு சொல்றேன்ல?"

இருவரையும் ஒரே மாதிரிதான் வளர்த்தோம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தவன் நான். அந்த வாக்கியம் எனக்குத் தேவைப்பட்டது. மகள் ஐந்து வயதுக்குள் தானாகவே படிக்கத் தொடங்கிவிட்டாள். மகனோ ஏழு வயதிலும் மூன்றெழுத்துச் சொல் ஒன்றைக் கூட்டி முடிப்பதற்குள் முதல் எழுத்தை மறந்துபோனான். ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே புத்தக அலமாரி. ஆகவே வேறுபாடு பிறவியிலேயே இருந்திருக்க வேண்டும் என்பது என் தருக்கம். அவனுடைய வகுப்பாசிரியரும் "சில பிள்ளைங்களுக்கு அப்படித்தான் சார், இயல்பு" என்றார். என் அம்மா இன்னும் ஒரு படி மேலே போய், "உனக்கும் ஒன்பது வயசு வரைக்கும் எழுத்துக் கூட்டத்தான்டா வந்துது" என்று வம்சாவளிச் சான்றிதழே கொடுத்துவிட்டார். பழியை மரபின் மேல் போட்டதில் எனக்கு வருத்தத்தைக் காட்டிலும் நிம்மதியே அதிகம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பிறவியா, வளர்ப்பா என்ற கேள்வியை நம் பழமொழிகளிடம் கொண்டுபோனால் வழக்கு தீராது. 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று ஒன்று கைவிரித்துவிடும். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று இன்னொன்று உடனே வளைக்கச் சொல்லும். இரண்டையும் ஒரே வாய் ஒரே நாளில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பிள்ளை நன்றாகப் படித்தால் வளர்ப்பும், படிக்காவிட்டால் பிறவியும் (அதிலும் மறுபக்கத்துச் சொந்தங்களின் பிறவியும்) நினைவுக்கு வருவது உலக வழக்கம்.

அறிவியலுக்குள் இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தியவர் ஃபிரான்சிஸ் கால்டன். 1874-இல் ஆங்கிலேய அறிவியலாளர்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே இரண்டு சொற்களையும் சேர்த்து வைத்தார். மறு ஆண்டு, இரட்டையரைக் கொண்டு இரண்டின் வலிமையையும் அளக்கலாம் என்று கட்டுரை எழுதி, பிறவியே வலியது என்று தீர்ப்பும் கூறினார். பிள்ளை பெறத் தக்கவர்களைத் தேர்ந்தெடுத்து மனித இனத்தை மேம்படுத்தலாம் என்ற கொள்கைக்கு 1883-இல் 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை உருவாக்கியவரும் அவரே. அந்தச் சொல்லின் பெயரால் இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. மறுகோடியில் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் நின்றார். நலமான பன்னிரண்டு குழந்தைகளையும் தான் கேட்கும் சூழலையும் கொடுத்தால், அவர்களில் எவரையும் மருத்துவராகவோ திருடராகவோ ஆக்கிக் காட்டுவதாக அவர் 1920-களில் எழுதினார். கையிலிருக்கும் சான்றுகளைத் தாண்டிப் பேசுகிறேன் என்று அடுத்த வரியிலேயே அவர் ஒப்புக்கொண்டதை, அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பூசலுக்குச் சரியான பதில் உளவியலாளர் டொனால்ட் ஹெப் சொன்னதாக வழங்கிவரும் ஒரு கேள்விதான்: ஒரு செவ்வகத்தின் பரப்புக்கு அதிகக் காரணம் நீளமா, அகலமா?

இதைப் படித்தபோது ரசித்தேனே தவிர, உள்வாங்கவில்லை. ஏனென்றால் ஆய்வுகள் எண்களைத் தருகின்றனவே! ஒரு கரு இரட்டையர் மரபணுக்களை முழுவதும் பகிர்ந்துகொள்கிறார்கள். இரு கரு இரட்டையர் சராசரியாகப் பாதி. முன்னவர்கள் பின்னவர்களைவிட எவ்வளவு அதிகமாக ஒத்திருக்கிறார்கள் என்பதிலிருந்து, ஒரு பண்பில் மரபின் பங்கைக் கணக்கிடுகிறார்கள். உயரத்துக்கு அந்த எண் மிக உயர்ந்தது. நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண்களுக்கும் வாசிப்புத் திறனுக்கும்கூடக் கணிசமானது. ஆகவே மகனின் வாசிப்புச் சிக்கலில் இத்தனை விழுக்காடு நான் கொடுத்த மரபணு, மீதி அவன் வளர்ந்த சூழல் என்று நான் மனத்துக்குள் பங்கு பிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பங்கு பிரிப்புக்குப் பொருளே இல்லை என்பது புரிய வெகுநாள் ஆயிற்று. அந்த எண் ஒரு குழந்தையைப் பற்றிப் பேசுவதில்லை. குறிப்பிட்ட ஒரு கூட்டத்தில், குறிப்பிட்ட ஒரு காலத்தில், மனிதர்களுக்கிடையே காணப்படும் வேறுபாடுகளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மனிதனுக்கு இரண்டு கால்கள் அமைவது முற்றிலும் மரபணுவின் வேலை. ஆனால் கால்களின் எண்ணிக்கையில் மனிதர்களுக்கிடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் விபத்தாலும் நோயாலும் வருவதால், அந்த எண்ணிக்கைக்கு இந்தக் கணக்கில் மரபின் பங்கு கிட்டத்தட்டப் பூச்சியம். அதேபோல, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தரத்தில் பள்ளியும் உணவும் புத்தகமும் கிடைத்துவிட்டால், மீதமிருக்கும் வேறுபாட்டில் மரபின் பங்கு தானாகவே ஏறிவிடும். மரபின் பங்கு அதிகம் என்று வருவது சூழல் பயனற்றது என்பதற்கு அடையாளமாக இல்லாமல், சூழல் எல்லோருக்கும் எட்டிவிட்டது என்பதற்கு அடையாளமாகவும் இருக்கலாம். எரிக் டர்க்ஹைமரும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் அமெரிக்காவில் ஏழு வயது இரட்டையரிடம் கண்டதும் ஏறக்குறைய இதுதான்: வசதியான குடும்பங்களில் நுண்ணறிவு வேறுபாட்டின் பெரும்பகுதி மரபைச் சார்ந்திருந்தது, வறிய குடும்பங்களில் மரபின் பங்கு பூச்சியத்தை ஒட்டியிருந்தது. பின்னர் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் செய்த ஆய்வுகளில் இந்த வேறுபாடு தென்படவில்லை. எண் இடத்துக்கு இடம் மாறுவதற்கு இதைவிட வெளிப்படையான சாட்சி தேவையில்லை.

மரபு என்றால் மாற்ற முடியாதது என்ற என் இரண்டாவது பிழையை உடைத்தது ஒரு நோய். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற வாயில் நுழையாத பெயரைக் கொண்ட அது, பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே மரபணுவின் பழுதான படிகளைப் பெறும் குழந்தைக்கு வருகிறது. உணவுப் புரதத்தில் இருக்கும் ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை அந்தக் குழந்தையின் உடல் உரியபடி மாற்ற முடியாமல், அது இரத்தத்தில் குவிந்து வளரும் மூளையைச் சிதைக்கிறது. கவனிக்காமல் விட்டால் கடுமையான அறிவுவளர்ச்சிக் குறைபாடு வரும். இதை முதன்முதலில் இனங்கண்டவர் நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங்; ஆண்டு 1934. காரணம் முழுக்க முழுக்க மரபணு. ஆனால் 1953-இல் ஹார்ஸ்ட் பிக்கலும் அவருடைய குழுவினரும் ஃபீனைல்அலனைனைக் குறைத்த உணவைக் கொடுத்துப் பார்த்தபோது, நோயின் போக்கே மாறியது. 1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தத்தைக் கொண்டு இதைக் கண்டறியும் எளிய சோதனையை உருவாக்கினார். பிறந்த சில நாட்களிலேயே கண்டறிந்து உணவைக் கட்டுப்படுத்தினால், அந்தக் குழந்தை மற்றவர்களைப் போலவே வளர்ந்து படித்துப் பட்டம் பெறலாம். மரபணுவின் ஓர் எழுத்தைக்கூட யாரும் திருத்தவில்லை. தட்டில் இருப்பதை மட்டும் மாற்றினார்கள்.

சூழல் தரவேண்டியதைத் தராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ருமேனியா துயரமான சாட்சி. 1989-இல் சௌஷெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தபோது, அங்குள்ள அரசு விடுதிகளில் பல்லாயிரக்கணக்கான குழந்தைகள் கிடந்தார்கள். உணவு உண்டு, கட்டில் உண்டு, தூக்கிப் பேச ஆள் இல்லை. சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா ஆகியோர் 2000-ஆம் ஆண்டுவாக்கில் புக்கரெஸ்ட்டில் தொடங்கிய ஆய்வில், 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். நாலரை வயதில் விடுதியிலேயே இருந்தவர்களின் சராசரி நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 73. வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81. பெற்றோரிடமே வளர்ந்த பிற குழந்தைகளுக்கு 109. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்கள் அதிகம் தேறினார்கள். குலுக்கலில் விடுதிச் சீட்டு விழுந்த குழந்தைகளை நினைக்கும்போதெல்லாம், இந்த ஆய்வைப் படித்துப் பயனடைந்த எனக்கே சங்கடமாக இருக்கிறது.

மூளை எதையெதையோ எதிர்பார்த்துக்கொண்டு பிறக்கிறது என்று இதைச் சொல்லலாம். மொழியில் இது அழகாகத் தெரியும். நாம் ஒரு நொடியும் யோசிக்காமல் பிரித்துக் கேட்கும் 'ட', 'த' ஒலிகளை ஆங்கிலம் பேசும் பெரியவர்களால் பிரித்தறிவது கடினம். ஆனால் இந்தி மொழியின் இதே வேறுபாட்டை ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் எளிதாகக் கண்டுகொண்டார்கள் என்றும், ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலோர் அந்தத் திறனை இழந்திருந்தார்கள் என்றும் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் காட்டினார்கள். எந்த மொழிக்கும் தயாராகப் பிறந்த செவி, காதில் விழுவதை வைத்துத் தன்னைச் செதுக்கிக்கொள்கிறது. எந்த ஒலியும் போதுமா என்றால், போதாது. 2003-இல் பட்ரீஷியா கூலின் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் மொழியைப் பன்னிரண்டு அமர்வுகளில் கேட்கச் செய்தார்கள். எதிரில் அமர்ந்து ஒருவர் விளையாடிப் பேசியபோது குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அதே பேச்சைத் திரையிலோ ஒலிப்பதிவிலோ கேட்டவர்களிடம் எந்தக் கற்றலும் இல்லை. சூழல் என்று நாம் பொதுவாகச் சொல்வது, அந்த வயதில், பார்வையைச் சந்தித்துப் பதில் சொல்கிற ஒரு மனிதரைத்தான் குறிக்கிறது.

இனி அந்தக் காணொளிகளுக்குத் திரும்பலாம். மகனுக்கு நான் ஏன் கேள்விகள் கேட்கவில்லை? அவன்மீது பாசம் குறைவு என்பதால் அன்று. மகள் மடியில் உட்கார்ந்தாள். பக்கத்தைப் புரட்டினால் விரல் வைத்துக் காட்டினாள். முடித்தால் மறுபடி கேட்டாள். அவளிடம் படிப்பது எனக்கே விருந்தாக இருந்தது. மகன் இரண்டாம் பக்கத்தில் நெளிந்தான், மூன்றாம் பக்கத்தில் இறங்கி ஓடினான். நான்கைந்து மாதம் முயன்றிருப்பேன். பிறகு, யாரும் முடிவெடுக்காமலே, அந்தப் பழக்கம் நின்றுபோனது. ஆகவே ஒரே அலமாரி இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே சூழலாக இருக்கவில்லை. மகளின் இயல்பு என்னிடமிருந்து ஒரு வாசிப்பவனை வெளியே இழுத்தது. மகனின் இயல்பு என்னிடமிருந்து ஒரு காவலாளியை.

சாண்ட்ரா ஸ்காரும் கேத்லீன் மெக்கார்ட்னியும் 1983-இல் இதைத்தான் வகைப்படுத்தியிருந்தார்கள். மரபணுவைக் கொடுக்கும் பெற்றோரே வீட்டுச் சூழலையும் அமைத்துக்கொடுக்கிறார்கள். குழந்தையின் இயல்பு சுற்றியிருப்பவர்களிடமிருந்து குறிப்பிட்ட நடத்தையை வரவழைக்கிறது. வளர வளர, குழந்தை தன் இயல்புக்கு ஏற்ற நண்பர்களையும் பொழுதுபோக்குகளையும் தானே தேடிக்கொள்கிறது. நான்கு நாடுகளின் 11,000 இரட்டையர் இணைகளைக் கொண்டு 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், நுண்ணறிவு வேறுபாட்டில் மரபின் பங்கு ஒன்பது வயதில் 41 விழுக்காடாகவும், பன்னிரண்டில் 55 ஆகவும், பதினேழில் 66 ஆகவும் உயர்ந்திருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல வளர்ப்பின் அனுபவம் சேர்ந்து மரபின் பங்கு குறையும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடப்பது நேர்மாறு. பிறவியில் இருந்த சிறு சாய்வு, தனக்கேற்ற சூழலைத் தேடித் தேடி, வளர்ப்பையே தன் கருவியாக்கிக்கொண்டு பெரிதாகிறது என்பதே இதற்குப் பலரும் தரும் விளக்கம்.

வளர்ப்பவரின் எதிர்பார்ப்பு இந்தச் சுழலில் எங்கே புகுகிறது என்பதை எலிகள் காட்டின. 1963-இல் ராபர்ட் ரோசன்தாலும் கெர்மிட் ஃபோடும் தங்கள் மாணவர்களிடம் சாதாரண எலிகளைக் கொடுத்து, சிலரிடம் "இவை புத்திசாலி இனம்", வேறு சிலரிடம் "இவை மந்த இனம்" என்று சொல்லிவைத்தார்கள். புத்திசாலி என்று பெயர் பெற்ற எலிகள் சோதனைப் பாதையில் உண்மையிலேயே நன்றாக வழி கற்றன; அவற்றைக் கையாண்ட மாணவர்கள் அவற்றை மென்மையாகத் தொட்டிருந்தார்கள். என் மகனை "இவன் புத்தகப் பிள்ளை இல்லை" என்று நான் அவன் காதுபடச் சொன்ன நாட்களை எண்ணிப் பார்க்காமல் அந்த ஆய்வைப் படிக்க முடியவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: என் குரல்தான் அவனுக்கு வாசிப்புச் சிக்கலை உண்டாக்கியது என்று நான் நம்பவில்லை. அவனுக்கு இருப்பது டிஸ்லெக்சியா என்று எட்டாவது வயதில் முறையான சோதனையில் தெரிந்தது; அது குடும்பங்களில் தொடர்ந்து வருவது என்பதும் ஐயமற்றது. ஆனால் அதற்கென்று தனி மரபணு ஒன்று இல்லை. 2022-இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு, டிஸ்லெக்சியாவோடு தொடர்புடைய 42 இடங்களை மரபணுத் தொகுதியில் கண்டது. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது. எழுத்து என்பதே சில ஆயிரம் ஆண்டுகள் வயதுள்ள கண்டுபிடிப்பு. அதற்கென மூளையில் ஒரு பகுதி பரிணாமத்தில் உருவாகக் காலம் போதாது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியில் ஒரு பங்கை எடுத்து, பேச்சொலியைக் கையாளும் பகுதிகளோடு இணைத்து, ஒவ்வொரு குழந்தையும் தன் மூளையைப் புதிதாக வாசிப்புக்குப் பழக்க வேண்டியிருக்கிறது என்று மூளை ஆய்வாளர் ஸ்தனிஸ்லாஸ் டெஹேன் விளக்குகிறார். என் மகளுக்கு அந்த இணைப்பு கேட்காமலே அமைந்தது. மகனுக்குச் சொல்லை ஒலிகளாக உடைத்து, ஒவ்வோர் ஒலிக்கும் எழுத்தைப் பொருத்தி, சிறு சிறு படிகளாக, சலிக்காமல் திரும்பத் திரும்பக் கற்பிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியை ஓராண்டாக வாரம் மூன்று நாள் அதைச் செய்கிறார். பிறவியில் அமைந்த காரணத்துக்குப் பதில் கற்பித்தலில் கிடைத்ததைப் பார்த்தபோது, ஃபீனைல்அலனைன் குறைந்த அந்த உணவுத் தட்டுத்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஐஸ்லாந்தில் 2018-இல் வெளியான ஓர் ஆய்வு என்னை வேறு விதமாகச் சிந்திக்க வைத்தது. பெற்றோரின் மரபணுக்களில் பாதிதான் பிள்ளைக்குப் போகிறது. பிள்ளைக்குப் போகாத மறுபாதியும் பிள்ளையின் கல்வியோடு தொடர்பு காட்டுகிறதா என்று அகஸ்டின் காங்கும் குழுவினரும் பார்த்தார்கள். காட்டியது, போன பாதியின் விளைவில் சுமார் 30 விழுக்காடு அளவுக்கு. பிள்ளையின் உடலில் இல்லாத மரபணு, பெற்றோரின் நடத்தை வழியாகவும் அவர்கள் அமைத்த வீட்டின் வழியாகவும் பிள்ளையை எட்டுகிறது என்பதே இதன் பொருள். அப்படியானால், எழுத்துக் கூட்டத் திணறிய சிறுவனாக இருந்த நான் புத்தகத்தை எப்படி அணுகுகிறேன், மகன் தடுமாறும்போது என் முகம் எப்படிப் போகிறது என்பதெல்லாமும் அவன் பெற்ற மரபுச் சொத்தில் ஒரு பகுதி. அவன் ஒரு சொல்லில் நிற்கும்போது என் தாடை இறுகுவதை என் மனைவிதான் முதலில் சுட்டிக்காட்டினாள். அது நான் என் அப்பாவின் முகத்தில் பார்த்த அதே இறுக்கம். அது இரத்தத்தில் வந்ததா, பார்த்துப் பழகியதா என்று இப்போது நான் ஆராய்வதில்லை.

இயல்பை மாற்ற முயலாமல் அதோடு பொருந்திப்போவது பற்றி அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956-இல் நியூயார்க்கில் தொடங்கி, குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து எழுதினார்கள். எந்த இயல்பும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ ஆவதில்லை, அதைச் சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்போடு அது பொருந்துகிறதா என்பதே முக்கியம் என்பது அவர்கள் கண்டது. அசையாமல் உட்காருவதுதான் கேட்பதற்கு அடையாளம் என்று நான் வைத்திருந்த விதியை மகன்மேல் ஏழு ஆண்டுகள் திணித்திருந்தேன். அவ்விதி மகளுக்காக ஏற்பட்டது. அவளுக்கு அது பொருந்தியதும் தற்செயல்தான்.

இப்போது இரவில் நான் நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிறேன். மகன் மேசைக்கடியில் சக்கரங்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பான். சில நேரம் அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டுகொண்டிருப்பான். கேட்கிறானா என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். சென்ற வாரம் தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியை விழுங்கிவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன். மேசைக்கடியிலிருந்து குரல் வந்தது: "அப்பா, அந்த நாய் இன்னும் ஆத்துக்கு அந்தப் பக்கந்தான் இருக்கு. அது எப்படி இங்க வந்துச்சு?"

பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன். நாய் அந்தப் பக்கந்தான் இருந்தது.